கணேசன் சாரின் பக்கத்தை அழித்த பிறகு

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

நீங்கள் ஒரு வெப் சர்வரை அமைப்பதைப் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். தளம் கட்ட ஆயத்தமாகக் கிடைக்கும் ஃபிரேம்வொர்க்கை இறக்குகிறீர்கள். கூடவே வரும் குறிப்பிலிருந்து நாலைந்து வரிகளை எடுத்து சர்வர் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் கான்ஃபிக் ஃபைலில் ஒட்டுகிறீர்கள். யார் எந்த முகவரியைக் கேட்டு வந்தாலும் ஒரே புரோகிராமிடம் அனுப்பிவிடு என்பதுதான் அந்த வரிகளின் சாரம். பக்கம் வந்துவிட்டால் டீ குடிக்கக் கிளம்பிவிடுகிறீர்கள். அந்த வரி என்ன சொல்கிறது என்று கேட்டால், "எல்லாரும் இதைத்தான் மேடம் போடுறாங்க" என்கிறீர்கள். ஓய்வு பெற்றவள் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்று என் வீட்டில் சொல்கிறார்கள். எனக்கு அது வருவதில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் அந்த மாதிரி ஒரு வரியால் எனக்கு உச்சி வெயிலில் உடம்பு சில்லிட்டது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

அப்போது தி. நகரில் பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சின்ன கம்பெனியில் இருந்தேன். சர்வர் வேலை முழுக்க என்னுடையது. புரோகிராம் எழுதுவது பாஸ்கர். ராயப்பேட்டைக்காரன், என்னைவிட இரண்டு வயது சின்னவன், கை வேகம் ஜாஸ்தி, பொறுமை கம்மி. ஃபிரேம்வொர்க் என்ற சொல்லெல்லாம் அப்போது எங்கள் காதில் விழவில்லை. ஒரே புரோகிராம் வாசலில் நின்றுகொண்டு, வருகிற முகவரியைப் பிரித்துப் பார்த்து, எந்தப் பக்கம் வேண்டும் என்று முடிவு செய்யும்படி அவனே ஒன்றைக் கட்டியிருந்தான். அதற்கு வழிவிடும்படி சர்வரை அமைத்துக் கொடுப்பது என் பங்கு.

எங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவர் வைதேகி மாமி. நர்சாக இருந்து ரிடையர் ஆனவர். மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் ஆபீஸ் வைத்திருந்தார். பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றவர்கள் இங்கே தனியாக என்று இருக்கும் வீடுகளுக்குத் தினமும் ஓர் உதவிப் பெண்ணை அனுப்புவார். அவள் பிரஷர் பார்ப்பாள், மாத்திரை எடுத்துக் கொடுப்பாள், இரண்டு வார்த்தை பேசிவிட்டு ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு வருவாள். ஆபீசில் ஒரு பெண் காலையிலேயே அதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போய்விடுவாள். ஒவ்வொரு பெரியவருக்கும் ஒரு பக்கம். முகவரியில் முதலில் தெருப் பெயர், அடுத்து ஆள் பெயர். அமெரிக்காவில் இருக்கும் மகன் அதைத் திறந்தால், "காலை இரண்டு இட்லி சாப்பிட்டார், குளத்தைச் சுற்றி நடந்தார்" என்று இருக்கும்.

ஆரம்பத்திலேயே நான் மாமியிடம் கேட்டேன், பெயரைத் தப்பாக அடித்தால் என்ன காட்ட வேண்டும் என்று. 'அப்படி ஒரு பக்கம் இல்லை' என்று சர்வர் தானாகவே சொல்லும், அதை விட்டுவிடலாமா என்றேன்.

மாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதோ பாருடிம்மா, எங்கேயோ இருக்கற பிள்ளை, அப்பாவைப் பார்க்கலாம்னு வரான். அவன்கிட்ட போய் இல்லைன்னு சொல்லுவியா? எங்காத்துல அரிசி தீர்ந்துபோனாக்கூட நெறைஞ்சிருக்குன்னுதான் சொல்லுவோம். எதையாவது காட்டு. அந்த வார்த்தை மட்டும் வரப்படாது."

"மாமி சொல்றதும் கரெக்ட்டுதான்கா," என்றான் பாஸ்கர். "அப்பன் பேர அடிச்சு இல்லன்னு வந்தா எவனுக்கும் பக்குன்னுதான் இருக்கும். வுடு, நா பாத்துக்கறேன்."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நம் வீடுகளில் யார்தான் நல்ல நாளும் அதுவுமாக இல்லை என்று சொல்கிறோம்? ஆக, எந்த முகவரி வந்தாலும் கையை விரிக்காதே, புரோகிராமிடம் அனுப்பு என்று சர்வரில் எழுதினேன். வந்தவரை வெறுங்கையோடு திருப்பாமல் ஏதாவது ஒரு பக்கத்தைக் காட்டும்படி பாஸ்கர் புரோகிராமில் எழுதினான். எல்லாரும் சந்தோஷமாகக் காபி குடித்தோம்.

வடக்கு மாட வீதியில் கணேசன் சார் என்று ஒருவர். மனைவி காலமாகிவிட்டார், ஒரே மகன் முரளி அமெரிக்காவில். மார்கழியில் ஒரு விடியற்காலை கணேசன் சாருக்கு மாரடைப்பு வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார். முரளி வந்து காரியங்களைச் செய்தார். பதின்மூன்றாம் நாள் சுபம் முடிந்த கையோடு, அவர் பக்கத்தை எடுத்துவிடும்படி மாமி ஃபோன் செய்தார். பாஸ்கர் சர்வரில் அந்த ஃபோல்டரையே அழித்தான். முரளியும் அமெரிக்கா திரும்பினார். அதோடு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

தை பிறந்து கொஞ்ச நாளில் மாமி எங்களை வரச் சொன்னார். மத்தியானச் சாப்பாட்டு நேரம். மாட வீதி வெயிலில் ஆள் இல்லாமல் கிடந்தது, கடைகளில் பாதிக் கதவு சாத்தியிருந்தது. மாமி வழக்கமாக வாசலுக்கே வந்து வரவேற்பவர். அன்று நாற்காலியை விட்டு எழவில்லை. கம்ப்யூட்டரைத் திறந்து ஒரு மெயிலைக் காட்டினார்.

முரளியிடமிருந்து வந்தது. இங்கிலீஷில் இருந்ததை என் நினைவிலிருந்து சொல்கிறேன். "அப்பாவின் பக்கம் இன்னும் வருகிறது. தினமும் புதிய வரி சேர்கிறது. யார் இந்தக் கேலியைச் செய்கிறீர்கள்?"

"இது போன வாரம் வந்தது," என்றார் மாமி. "துக்கத்துல பிள்ளை என்னமோ பிதற்றறான்னு நெனைச்சேன். உங்ககிட்ட சொல்லலை. வாத்தியாரைக் கூப்பிட்டு, காரியத்துல ஏதாவது கொறை வெச்சுட்டோமான்னுதான் கேட்டேன்."

"நீங்க திறந்து பார்க்கலையா மாமி?"

"எனக்குக் கை வரலைடி."

நான் ஃபோன் லைனில் மோடத்தை இணைத்தேன். அந்தக் கீச்சுச் சத்தம் ஓய்ந்தது. பிறகு கணேசன் சாரின் முகவரியை அடித்தேன். பக்கம் மேலிருந்து கீழாக மெதுவாக இறங்கி வந்தது. தலைப்பில் கணேசன் என்று பெரிய எழுத்தில் இருந்தது. அதன் கீழே அன்றைய தேதி. அதன் கீழே, 'காபி பாதி குடித்தார். மகன் எப்போது வருவான் என்று கேட்டார்.'

மாமி வாயைப் பொத்திக்கொண்டார்.

"அக்கா," என்றான் பாஸ்கர் மெல்ல. "இன்னாக்கா இது? அந்த ஃபோல்டர நா என் கையாலதான தூக்குனேன். செத்தவரு காபி குடிச்சாருன்னு கீது?"

நான் பயப்படாதவள் என்று பெயர் எடுத்தவள். ஆனால் அன்று என் முதுகுத்தண்டில் ஏதோ ஊர்ந்தது. தலைக்கு மேல் மின்விசிறி சுற்றுகிற சத்தம்கூடப் பிடிக்கவில்லை. இறந்து, எரித்து, அஸ்தி கரைத்த மனிதர் மகனை விசாரிக்கிறார். கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்தியவள் நான்தான்.

"மொதல்ல அதை அழிச்சுடு," என்றார் மாமி. "எதுவா இருந்தாலும் சரி, இந்த நிமிஷம் எடுத்துடு."

பாஸ்கர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். சர்வரில் நான் எழுதிய வரியை எடுத்துவிட்டால் போதும், அந்தப் பக்கம் மறைந்துவிடும். அவன் விரல் அதற்குப் போய்விட்டது. அந்த நேரத்தில்தான் முரளியின் இரண்டாவது மெயில் வந்து விழுந்தது. அமெரிக்காவில் அப்போது நள்ளிரவு தாண்டியிருக்கும்.

"இது யாருடைய வேலையாக இருந்தாலும் பரவாயில்லை," என்று ஆரம்பித்திருந்தார். "மூன்று நாளாக எழுதியிருப்பதைச் சேர்த்துப் படியுங்கள். அப்பாவுக்கும் கடைசியில் இப்படித்தான் இருந்தது. அப்போது எனக்குத் தினமும் படிக்க நேரம் இருக்கவில்லை. இப்போது தினமும் படிக்கிறேன். யாராவது போய்ப் பாருங்கள்."

பாஸ்கரின் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினேன். "அழிக்காதே. படி."

முந்தாநாள் வரி: 'வாயுத் தொல்லை என்கிறார். இரவு சாப்பிடவில்லை.' நேற்று: 'இடது தோளில் வலி. தைலம் தேய்த்தேன். நடைக்குப் போகவில்லை.' இன்று காலை அந்தக் காபி வரிக்குக் கீழே இன்னொன்று: 'வியர்த்திருக்கிறது. குளிக்கவில்லை. படுத்துக்கொள்கிறேன் என்றார்.'

மாமி நர்ஸ். ஒவ்வொரு வரியாகக் கேட்டால் அவரே ஓமத் திரவம் கொடுத்து அனுப்பியிருப்பார். மூன்று நாளும் மூன்று வெவ்வேறு பெண்கள் போயிருக்கிறார்கள், ஆளுக்கு ஒரு வரி எழுதியிருக்கிறார்கள். சேர்த்துப் படித்ததும் மாமியின் முகம் மாறிவிட்டது. பேய்ப் பயமெல்லாம் போய், வார்டில் நிற்கிற முகம் வந்தது. "இது ஹார்ட்டுடி," என்றார். "யாருக்கு?"

அதுதான் கேள்வி. செத்தவருக்கு வியர்க்காது. உயிரோடு இருக்கும் யாரோ ஒருவரின் மூன்று நாள், செத்தவர் பெயரைப் போட்டுக்கொண்டு எங்கள் முன்னால் நிற்கிறது. அந்த வரியை எடுத்திருந்தால் பக்கம் மறைந்திருக்கும். எங்கள் பயமும் போயிருக்கும். அந்த ஆள் எங்கேயோ ஒரு கட்டிலில் படுத்தபடியே இருந்திருப்பார்.

"பாஸ்கர், அதே தெருவில் வேறு ஏதாவது பெயரை அடி. நாம் சேர்க்காத பெயர்."

அவன் தன் பெயரையே அடித்தான். பக்கம் இறங்கி வந்தது. தலைப்பில் பாஸ்கர் என்று இருந்தது. பாஸ்கர் இன்று காபி பாதி குடித்தார். பாஸ்கருக்கு இடது தோளில் வலி.

அவன் நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்தான். நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டான். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று யாரும் சிரிக்கவில்லை. நான் என் பெயரை அடித்தேன். நானும் வியர்த்துப்போய்ப் படுத்திருந்தேன்.

"தலைப்பு எங்கேயிருந்து வருது?" என்று கேட்டேன்.

அவன் கண்ணை மூடி யோசித்தான். பிறகு தலையில் அடித்துக்கொண்டான். "முகவரிலேர்ந்துதாங்கா எடுக்குது. அவுங்க அடிக்கிற பேரையே மேல போட்டுடும். அந்தப் பேருல ஆள் இல்லன்னா... மாமிதான் இல்லன்னு சொல்லாதன்னாங்களே... அந்தத் தெருவுல மொத ஃபோல்டர் எதுவோ அதத் தொறந்துடும். ஐயோ, நாந்தாங்கா எழுதுனேன்."

தன் கையால் எழுதியதை ஒருவன் பயத்தில் எப்படி மறந்துபோகிறான் என்பதை அன்று நேரில் பார்த்தேன். பாதி நேரம் சர்வரில் குழப்பமே இருக்காது, பார்க்கிறவர் கண்ணில்தான் இருக்கும்.

தெருவின் ஃபோல்டர்களை வரிசையாகக் கேட்டேன். சர்வர் இருந்தது வெளிநாட்டில், பதில் கடல் கடந்து வருவதற்குள் உயிர் போய் வந்தது. அகர வரிசையில் முதல் பெயர் அனந்தராமன்.

"ஐயோ, அனந்து சாரா?" என்றார் மாமி. "கணேசனும் அவரும் சாயங்காலம் சேர்ந்துதான் குளத்தைச் சுத்துவா. கணேசன் ஆத்துலேர்ந்து நாலு வீடு தள்ளித்தான் இருக்கார். ஆத்துக்காரி இல்லை, பிள்ளை ஆஸ்திரேலியால."

ஃபோனை எடுத்தால் அதில் மோடம்தான் கத்துகிறது. அந்த ஆபீசில் இருந்தது ஒரே லைன். மோடத்தைப் பிடுங்கிப் போட்டுவிட்டு டயல் செய்தோம். அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மாமி ரிசீவரை வைக்கவில்லை, அப்படியே மேஜையில் போட்டுவிட்டு எழுந்தார்.

மூவரும் ஓடினோம். மாமி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினார். பழைய வீட்டின் மாடி, இருட்டான படி. மேலே கதவு திறந்தே இருந்தது. உள்ளே ஃபோன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடி ஒருவர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பனியன் தொப்பலாக நனைந்திருந்தது. எழுந்து போய் எடுக்க முடியவில்லை அவரால். எங்களைப் பார்த்துச் சிரிக்க முயன்றார்.

"ஒண்ணுமில்லை மாமி. வாயுதான்."

"பேசாதேள்," என்றார் மாமி. பாஸ்கர் அவரை அப்படியே தூக்கிக்கொண்டு படி இறங்கினான். முனையில் நின்ற ஆட்டோவில் ஏற்றினோம். ராயப்பேட்டைப் பக்கம் அவனுக்குத் தெரிந்த ஆஸ்பத்திரிக்கு ஓட்டச் சொன்னான். "நைனா, சிக்னல்லாம் பாக்காத, போய்க்கினே இரு," என்று வழி நெடுகக் கத்தினான்.

ஆட்டோவில் அனந்து சாரின் தலை என் தோளில் இருந்தது. அவர் எதையோ முணுமுணுத்தார். காதைக் கொடுத்தேன்.

"நேத்து சாயங்காலம் கணேசன் கீழே நின்னுண்டு கூப்பிட்டார். நடக்கப் போலாம் வாங்கோன்னு. தோள் வலிக்கறது, இன்னிக்கு வரலைன்னுட்டேன்."

மாமி என் கையை இறுகப் பிடித்தார். மற்ற எல்லாவற்றுக்கும் சர்வரில் ஒரு காரணம் கண்டுபிடித்துவிட்டேன். இதற்கு மட்டும் இன்றுவரை என்னிடம் காரணம் இல்லை. உங்களுக்குத் தோன்றினால் நீங்கள் சொல்லுங்கள். நான் அந்த வீதியில் இருட்டிய பிறகு தனியாக நடப்பதில்லை.

டாக்டர் மாமியைத் தனியாகக் கூப்பிட்டு, சாயங்காலம் வரை விட்டிருந்தால் பிணமாகத்தான் வந்திருப்பார் என்று சொன்னாராம். அனந்து சார் பிழைத்துக்கொண்டார்.

அன்றே திரும்பி வந்து சர்வரைத் திருத்தினோம். பெயர் தெரிந்தால் புரோகிராமிடம் போ, தெரியாவிட்டால் 'இப்படி ஒரு பக்கம் இங்கே இல்லை' என்று பளிச்சென்று சொல். மாமி பின்னால் நின்று படித்தார். கோயில் இருக்கும் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். முரளிக்கு நடந்ததை முழுக்க எழுதினோம். நீங்கள் படித்தது உங்கள் அப்பாவை அல்ல, நாலு வீடு தள்ளி இருக்கும் பெரியவரை, அவர் பிழைத்துவிட்டார் என்று. பதில் வரவில்லை.

பிறகு ஒரு வேலை செய்தேன். யார் எந்தப் பக்கத்தைத் திறந்தார்கள் என்று சர்வர் வைத்திருக்கும் பதிவை எடுத்துப் பார்த்தேன். அனந்து சாரின் சொந்த முகவரிக்கு டைப் அடிக்கும் பெண்ணைத் தவிர யாரும் வந்ததில்லை. கணேசன் சார் உயிரோடு இருந்தவரை அவர் பக்கத்துக்கும் எப்போதாவதுதான் ஆள் வந்திருக்கிறது. அவர் போன பிறகு தினமும் வந்திருக்கிறது, சில நாள் பல தடவை. எனக்கு முதலில் ஆஸ்திரேலியாக்காரன் மேல் கோபம் வந்தது. அப்புறம் ஊரிலிருக்கும் என் அம்மாவிடம் பேசி எத்தனை நாளாயிற்று என்று நினைப்பு வந்தது. கோபத்தை விட்டுவிட்டேன்.

இத்தனையிலும் உங்களுக்கு நான் சொல்ல வந்தது ஒன்றுதான். வேண்டாத ஒன்று திரையில் வந்து நின்றால் கை முதலில் அழிக்கத்தான் போகும். மேலே இருப்பவர்களும் அழி என்றுதான் கத்துவார்கள். அது எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் அழித்துவிடாதீர்கள். திட்டு வாங்கினாலும் பரவாயில்லை, கேளுங்கள்.

அனந்து சார் வீடு திரும்பிய பிறகு ஒரு சாயங்காலம் மாமியோடு பார்க்கப் போனேன். தலையணையில் சாய்ந்திருந்தார். இளைத்திருந்தார்.

"என் பிள்ளை படிச்சுட்டு உங்களுக்குத் தகவல் சொன்னானாக்கும்?" என்றார். முகத்தில் அவ்வளவு ஆசை.

மாமி என்னைப் பார்த்தார். சமாளித்துவிடலாமா என்று ஒரு கணம் எனக்கும் தோன்றியது. "இல்லை சார்," என்றேன். "கணேசன் சாரோட பிள்ளை. முரளி."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "கணேசன்தான் போய்ட்டாரே. அப்புறம் எதுக்குத் தினம் படிச்சிண்டிருந்தான் அந்தப் பையன்?"

பிறகு என் பக்கம் திரும்பினார். "அவன் நம்பர் இருக்கா?" என்று கேட்டார்.

மாமி நம்பரைச் சொல்ல, நான் டயல் செய்து ரிசீவரை அவர் காதில் வைத்தேன். அங்கே அப்போது காலை. மறுமுனையில் யாரோ எடுத்தது எனக்கும் கேட்டது.

"முரளியா? நான் வடக்கு மாட வீதிலேர்ந்து பேசறேன்."

கணேசன் சாரும் இப்படித்தான் ஆரம்பிப்பார் என்று மாமி பிறகு சொன்னார். அனந்து சார் நிதானமாக, ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"நன்னா இருக்கேன். கார்த்தால காபி குடிச்சேன். ரெண்டு இட்லி சாப்பிட்டேன். வாசல் வரைக்கும் நடந்தேன். தோள் வலி தேவலை."

அதற்கப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து வந்த அழுகை அறை முழுக்கக் கேட்டது. பெரிய ஆண்பிள்ளை, குழந்தை மாதிரி அழுதார். அனந்து சார் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அழுது முடிகிற வரை, "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

கடைசியில், "சரி, ஆபீசுக்குக் கெளம்பு," என்றார். "நாளைக்கு நீ பண்ணு. நான் பண்ணினா எனக்கு பில் ஏறிடும்."